பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்



சமையலறைச் சாமான்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, கூடத்தில் இருக்கும் பெட்டியை எப்போது கவனிக்கப் போகிறீர்கள் என்று சிலர் கேட்டீர்கள். இன்று கவனித்துவிடுவோம். முதலில் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களின் பேச்சு உங்களுக்குப் புரிகிறதா? கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. புரிகிறதா என்றுதான் கேட்கிறேன். இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமை வீட்டில் யாருக்கும் தெரியாததால் என் பெரியப்பா ஏறத்தாழ ஓராண்டு காலம் வெளிவாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பாவுக்கு வயது 78. 30 ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு வந்த பிறகு சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். நான் சிறுவனாக இருந்தபோது தோட்ட மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிதான். தமிழ்ப் படம் போடும் நாளில் பொழுது சாய்வதற்கு முன்பே போய் முன்வரிசையில் பாய் விரித்துவிடுவார் பெரியப்பா. சிவாஜி பேசினால் கூடவே இவரும் பேசுவார். பின்னால் இருப்பவர்கள் அதட்டினாலும் நிறுத்தமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், சென்ற தீபாவளி கழிந்து இரண்டு மாதம் இருக்கும், நான் போயிருந்தபோது, உள்ளே நாடகம் ஓடிக்கொண்டிருக்க, தான் மட்டும் வாசலில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மாமாவுக்குக் காது போயிடுச்சி தம்பி. டிவி போட்டா எந்திரிச்சி வெளியே போயிடுறாரு” என்றார் அண்ணி.

நானும் வாசலில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாதாரணக் குரலில்தான் பேசினேன். என் பிள்ளைகளின் படிப்பிலிருந்து மீன் விலை வரை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நடுவில், “ரொட்டிக்காரன் வர்றான், ஒனக்கு வேணுமா?” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் அந்த மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பியது.

காது போன மனிதர் இப்படித்தான் இருப்பாரா?

உள்ளே போய்ப் பார்த்தேன். சாமி மேடைக்கு அடியில் நீளமான அட்டைப் பெட்டி ஒன்று கிடந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரன் தாத்தாவுக்காகத் தீபாவளிக்கு வாங்கி வந்த சவுண்ட் பார். நம் மொழியில் ஒலிப்பட்டை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள், ஆகையால் சவுண்ட் பார் என்றே எழுதுகிறேன். பேரன் அவசரமாக மாட்டிப் பார்த்தானாம், ஓடவில்லையாம். மறுநாள் பஸ் ஏறிவிட்டான். கெட்டுப்போன சாமான் என்று எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

சாமான் கெடவில்லை. தொலைக்காட்சியின் பின்பக்கத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

மாட்டும் முறைக்குப் போகுமுன், இந்தப் பேச்சு ஏன் புரியாமல் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய மர வானொலிப் பெட்டி நினைவிருக்கிறதா? அதன் முகத்தில் பெரும்பகுதி துணி போர்த்தியிருக்கும். துணிக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஒலிபெருக்கி நேராக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னாளில் வந்த குண்டுத் தொலைக்காட்சியிலும் ஒலிபெருக்கி பெரும்பாலும் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ இருந்தது. அதற்குப் பின்னால் காற்று அசைய இடமும் இருந்தது. இன்றைய தட்டைப் பெட்டியில் அந்த இடம் ஏது? ஒலிபெருக்கியைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வைத்துவிடுகிறார்கள். ஒலி முதலில் மேசையோடும் சுவரோடும் பேசிவிட்டு அப்புறம்தான் நம்மிடம் வருகிறது.

இனி, காதின் கதை. வயதாகும்போது காது ஒரே சீராக மந்தமாவதில்லை. கீச்சென்ற மேல் ஒலிகள்தாம் முதலில் போகின்றன. மோட்டார் சைக்கிள் உறுமுவதும் மழை இரைவதும் நன்றாகவே கேட்கும். நம் பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலிதான் கனமானது, மெய்யெழுத்துகள் மெல்லியவை. ஆனால் சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டுவது அந்த மெல்லிய மெய்கள்தாம். ‘காசு’ என்பதும் ‘காது’ என்பதும் மந்தமான காதுக்கு ஒன்றுபோலத்தான் வந்து விழும். நேரில் பேசினால் எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பெரியப்பா என்னோடு பேசியது அப்படித்தான். தொலைக்காட்சியிலோ பேசுகிற முகத்தை எல்லா நேரமும் காட்டுவதில்லை. பின்னணி இசை வேறு.

ஒலியைக் கூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கூட்டினால் அந்த உயிரெழுத்தின் முழக்கம் மேலும் பெரிதாகிறதே தவிர மெய்யெழுத்து தெளிவதில்லை. தாத்தா கூட்டுவார், மருமகள் குறைப்பார், பேத்தி பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று முகம் சுளிப்பாள். கடைசியில் தாத்தாவே எழுந்து வெளியே போய்விடுவார். இந்தக் காட்சி பெரியப்பா வீட்டில் மட்டும் நடப்பதல்ல என்று எனக்குத் தெரியும்.

சரி, பெட்டியைத் திருப்புவோம்.

முதலில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கைவிளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் இருக்கும் துளைகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது அச்சிட்டிருக்கும். நீங்கள் தேட வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘அவுட்’. அதாவது, ஒலி அந்த வழியாக வெளியே வருகிறது என்று பொருள். ‘இன்’ என்று போட்டிருந்தால் அந்த வழியாக உள்ளே போகுமே தவிர ஒன்றும் வெளியே வராது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள் வரிசையாக இருக்குமே, மலிவான பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அது ‘இன்’தான். டிவிடி பெட்டியிலிருந்து படமும் ஒலியும் உள்ளே வருவதற்காக வைத்தது. பேரன் சிவப்பையும் வெள்ளையையும் அதில் செருகிவிட்டு, சவுண்ட் பார் பாடும் என்று காத்திருந்திருக்கிறான். வடிகாலில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடிப்பதா? குழாயில் அல்லவா பிடிக்க வேண்டும்!

வெளியே வரும் வழிகள் நான்கைந்து உண்டு. அவற்றில் உங்கள் பெட்டியில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிக வசதியானது எச்டிஎம்ஐ. தட்டையான அகல வாய் கொண்ட துளை. ஆனால் எல்லா எச்டிஎம்ஐ துளையும் ஒலியை வெளியே அனுப்பாது. ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கிற ஒன்று மட்டுமே அனுப்பும். 2009-இல் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் வாங்கிய பெட்டியில் தேட வேண்டாம். பின்னால் வந்தவற்றிலும் மலிவான ரகங்கள் சிலவற்றில் இருக்காது. சவுண்ட் பாரிலும் அதே எழுத்துப் போட்ட துளையில்தான் மறுமுனையைச் செருக வேண்டும். பிறகு தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதிக்குப் போய், ஒலி எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் வெளி ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுங்கள். ‘சிஇசி’ என்பதையும் திறந்துவிடுங்கள். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் பிள்ளைக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பேனசோனிக்கில் வியரா லிங்க். எல்லாம் ஒன்றுதான். இது திறந்திருந்தால் தொலைக்காட்சியின் ரிமோட்டே சவுண்ட் பாரையும் கூட்டும், குறைக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் ஊமையாக இருந்தால் இரண்டையும் சுவர் சுவிட்சில் ஒரு நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். இந்த இரண்டு சாமான்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். சில நேரம் சம்பந்தி வீட்டார் மாதிரி முகம் கொடுக்காமல் இருக்கும்.

ஏஆர்சி இல்லையென்றால் அடுத்து ‘ஆப்டிகல்’ இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய சதுரத் துளை. மேல் மூலைகள் சற்றுச் சரிந்திருக்கும். சிறு கதவு போட்டு மூடியிருப்பதும் உண்டு. தோஷிபா கம்பெனி 1983-இல் கொண்டுவந்தது. இதில் ஒலி மின்சாரமாகப் போவதில்லை, சிவப்பு வெளிச்சமாகப் போகிறது. வயரின் இரண்டு முனையிலும் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே அழுத்திச் செருகிவிட்டு ஓடவில்லை என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயரை ஒடித்து மடக்காதீர்கள். உள்ளே வெளிச்சம் போகும் பாதை முறிந்துவிடும். சரியாக மாட்டியும் ஒலி வரவில்லையா? அல்லது கரகரவென்று இரைச்சல் மட்டும் வருகிறதா? தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று ஒன்று இருக்கும்; அதற்கு மாற்றுங்கள். டால்பி முதலான முறைகளில் ஒலியைச் சுருக்கி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். விலை குறைந்த சவுண்ட் பார் சிலவற்றுக்கு அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரியாது. பிசிஎம் என்றால் மூட்டை கட்டாமல் அனுப்புவது. இந்த ஓர் இடத்தில் கை வைத்ததும் உயிர் பெற்ற சாமான்கள் எத்தனையோ!

ஆப்டிகலில் ஒரு குறை. தொலைக்காட்சி ரிமோட் சொல்வதைச் சவுண்ட் பார் பெரும்பாலும் கேட்காது. அதற்கென்று ஒரு ரிமோட், டிகோடருக்கு ஒரு ரிமோட், தொலைக்காட்சிக்கு ஒரு ரிமோட். மூன்று ரிமோட்டை வயதானவர் கையில் கொடுத்தால் அவர் மூன்றையும் வைத்துவிட்டு மறுபடி வாசலுக்குத்தான் போவார்.

இதற்காகத்தான் பெரியப்பா வீட்டில் கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவருடைய 32 அங்குலப் பெட்டியில் ஏஆர்சியும் இல்லை, ஆப்டிகலும் இல்லை. ஆனால் பக்கவாட்டில், காதில் மாட்டும் ஹெட்போனுக்கான சிறிய வட்டத் துளை இருந்தது. வெறும் ஹெட்போன் துளைதானே என்று எண்ணாதீர்கள். அதுவும் ஒலி வெளியே வரும் வழிதான். மேலும், ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அந்தத் துளையின் ஒலி தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டது. சவுண்ட் பாரை நடுத்தரத்தில் ஒருமுறை வைத்துவிட்டால், அதன் பிறகு பழகிய பழைய ரிமோட்டாலேயே கூட்டிக் குறைக்கலாம். ஒலித் தரத்தில் கறாராக இருப்பவர்கள் தொலைக்காட்சியை முக்கால் அளவுக்கு ஏற்றி வைத்துவிட்டுச் சவுண்ட் பாரில்தான் குறைக்க வேண்டும் என்பார்கள். இரைச்சல் குறையும், உண்மைதான். ஆனால் 78 வயதுக்காரருக்கு ஒரே ரிமோட் இருப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

பட்டணத்துக்குப் போய் இருபுறமும் சிறிய ஊசிமுனை உள்ள வயர் ஒன்று வாங்கி வந்தேன். எட்டு வெள்ளி. ஒரு முனையை ஹெட்போன் துளையிலும் மறுமுனையைச் சவுண்ட் பாரில் ‘ஆக்ஸ்’ என்று போட்ட துளையிலும் செருகினேன். ஒன்றும் கேட்கவில்லை! அண்ணியின் முகத்தில், நான் அப்போதே சொல்லவில்லையா என்ற பார்வை. சவுண்ட் பார் புளூடூத்தில் நின்றுகொண்டிருந்தது. எந்த வழியில் வயர் மாட்டினோமோ அந்த வழியை அதற்குச் சொல்ல வேண்டும். ரிமோட்டில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தி ஆக்ஸில் கொண்டுவந்து நிறுத்தினேன். செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று வந்தது. அடியில் ‘உம்ம்’ என்று ஒரு முனகலும் சேர்ந்து வந்தது. தொலைக்காட்சி ஒரு சுவர்ப் பிளக்கிலும் சவுண்ட் பார் வேறொரு சுவர்ப் பிளக்கிலும் இருந்தால் சில நேரம் இப்படி ஆகும். இரண்டையும் ஒரே நீட்டுப் பலகையில் மாட்டியதும் முனகல் அடங்கியது.

உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. குரல் வாசல் வரைக்கும் போயிருக்கிறது. பெரியப்பா எழுந்து வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு உட்கார்ந்தார். விளம்பரம் வந்தபோது அண்ணியைப் பார்த்து, “கொஞ்சம் கொறச்சி வையேம்மா, இவ்வளவு சத்தம் எதுக்கு?” என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் வயரைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சவுண்ட் பாரின் ரிமோட்டில் ‘வாய்ஸ்’ அல்லது ‘நியூஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதிலேயே வைத்துவிடுங்கள். பேச்சுக்குரிய ஒலிகளை அது தூக்கிக் கொடுக்கும். அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் அடி ஒலியைக் குறைத்து மேல் ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள். பையன்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். சுவர் அதிர்ந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ‘நைட்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அது இரவுக்கு நல்லது. வெடிச் சத்தத்தைத் தாழ்த்தி முணுமுணுப்பை உயர்த்தி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவரும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், சிங்கப்பூர் வாசகர்கள் குறிப்பாக, கனத்த ஒலிக்கென்று தனியாக வரும் பெட்டியை வெறுந்தரையில் வைக்காதீர்கள். தடித்த ரப்பர்த் துண்டின் மேல் வையுங்கள். அடி ஒலி தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். அவர்களுக்குக் கதை தெரியாது, இடி மட்டும் கேட்கும்.

வெளியே போகும் வழியே இல்லாத பெட்டி என்றால் என்ன செய்வது? பழைய குண்டுப் பெட்டியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. 2019-இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள் அல்லவா? வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கமே சிறிய டிகோடர் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. பலர் அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு பழைய தொலைக்காட்சியையே ஓட்டினார்கள். அப்படியென்றால் ஒலி முதலில் வந்து சேருவது அந்தச் சிறிய பெட்டிக்குத்தானே? அங்கேயே பிடித்துவிடலாம். டிகோடரின் பின்னால் இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ‘அவுட்’ துளைகளில் மஞ்சள் மட்டும் தொலைக்காட்சிக்குப் போகட்டும், அது படம். சிவப்பும் வெள்ளையும் ஒலி. அவை சவுண்ட் பாருக்குப் போகட்டும். ஒரு முனை சிவப்பு வெள்ளை, மறுமுனை ஊசி என்று வயர் கடையில் கிடைக்கும். வானவில், விண்மீன் பார்ப்பதற்கு வைத்திருக்கும் ஆஸ்ட்ரோ டிகோடராக இருந்தாலும் வழி இதுதான். முதலில் அதன் பின்பக்கத்தில் எந்த ‘அவுட்’ இருக்கிறது என்று பாருங்கள். படம் எச்டிஎம்ஐ வழியாகப் போய்க்கொண்டிருந்தாலும் பெரும்பாலான பெட்டிகளில் சிவப்பு வெள்ளை வழியாக ஒலி வந்துகொண்டுதான் இருக்கும். தொலைக்காட்சியின் சொந்த ஒலியை முழுக்கக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் எல்லாச் சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

ஒன்று மட்டும் வேண்டாம். பழைய ஆம்பிளிஃபயரில் ஒலிபெருக்கிக்கென்று வரும் சிவப்புக் கறுப்பு வயரைக் கொண்டுவந்து சவுண்ட் பாரின் ஆக்ஸில் சேர்ப்பது. சவுண்ட் பாருக்குள்ளேயே ஆம்பிளிஃபயர் இருக்கிறது. ஒன்றின் பலத்தை மற்றொன்றின் தலையில் ஏற்றினால் புகை வரும்.

டிவிடி பெட்டி, விளையாட்டுப் பெட்டி, படம் காட்டும் சிறிய ஆண்ட்ராய்டு பெட்டி என்று நாலு சாமான் இருக்கிற வீட்டில் ஒவ்வொன்றையும் சவுண்ட் பாரில் மாட்ட முயலாதீர்கள். எல்லாம் தொலைக்காட்சிக்குள் போகட்டும். தொலைக்காட்சியிலிருந்து ஒரே ஒரு வயர் சவுண்ட் பாருக்குப் போகட்டும். அப்போது எந்தச் சாமானைப் போட்டாலும் ஒலி தானாகவே வந்துவிடும். தொலைக்காட்சியில் வழி இல்லாதபோதுதான் டிகோடரில் பிடிப்பது. பென் டிரைவ் செருகும் துளை சவுண்ட் பாரிலும் இருக்கலாம். அதில் பாட்டு மட்டுந்தான் ஓடும். படம் வேண்டுமென்றால் அதைத் தொலைக்காட்சியில்தான் செருக வேண்டும்.

புளூடூத் என்ற வயரில்லா வழியைப் பற்றிப் பலர் ஆசையாகக் கேட்பீர்கள். கைப்பேசியில் மின்னல் எஃப்எம் அல்லது ஒலி 96.8 வைத்துவிட்டு வேலை பார்க்க மிக நல்லது. நான் தினமும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் தொலைக்காட்சிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். காற்றில் போய் வருவதற்குள் ஒலி சற்றுப் பிந்திவிடும். பத்தில் இரண்டு பங்கு வினாடிதான் என்றாலும் வாய் மூடிய பிறகு சொல் வருவது கண்ணுக்குத் தெரியும். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முதியவருக்கு இது பெரும் இடைஞ்சல். வயரில் மாட்டியும் ஒலி முந்தியோ பிந்தியோ வந்தால் அமைப்பில் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்ற இடத்தில் சிறிது சிறிதாகச் சரிசெய்யலாம்.

புளூடூத்தில் இன்னொரு வம்பும் உண்டு. கூடத்தில் எல்லாரும் அழுகைக் காட்சியில் மூழ்கியிருக்கும்போது, அறையிலிருக்கும் பேத்தியின் கைப்பேசி தானாகச் சவுண்ட் பாரைப் பிடித்துக்கொண்டு, தோழி அனுப்பிய குரல் செய்தியை வீடு முழுக்க ஒலிபரப்பிவிடும். பெரியப்பா வீட்டிலேயே இது நடந்தது. என்ன செய்தி என்பதை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகளின் கைப்பேசியில் அந்த இணைப்பை அழித்துவிட்டால் தொல்லை தீரும்.

நம் நாட்டில் இடிமின்னலுக்குக் குறைவில்லை. வானம் கறுத்தால் சவுண்ட் பாரின் பிளக்கையும் தொலைக்காட்சியின் பிளக்கையும் மட்டும் பிடுங்கினால் போதாது. ஏரியல் வயரையும் டிகோடருக்கு வரும் தட்டு வயரையும் கழற்றிவிடுங்கள். இடி விழுந்த வீடுகளில் அந்த வழியாகவே வந்து டிகோடர், தொலைக்காட்சி, சவுண்ட் பார் என்று வரிசையாகக் கருகியதை நான் பழுது பார்த்த நாளில் கண்டிருக்கிறேன். ஆப்டிகல் வயர் ஒன்றுதான் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் வெளிச்சம் மட்டும்தானே போகிறது. வாங்கும்போது மலேசியாவில் சிரிம் முத்திரையும் சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு என் யோசனை: கடைக்குப் போகுமுன் தொலைக்காட்சியின் பின்பக்கத்தையும் டிகோடரின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டி, இதில் எதில் மாட்டுவது என்று கேளுங்கள். விரலால் சரியாகத் தொட்டுக் காட்டுகிறவரிடம் வாங்குங்கள். சிறிய கூடத்துக்குச் சிறிய சவுண்ட் பாரே போதும். ஐந்து ஒலிபெருக்கி, ஆறு ஒலிபெருக்கி, கூரையிலிருந்து ஒலி விழும் என்று விலையை ஏற்றுவார்கள். பேச்சுப் புரிவதற்கு அவை தேவையில்லை. வாங்கி வந்ததைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து மூடாதீர்கள். தொலைக்காட்சிக்கு முன்னால், விளிம்போரமாக, நம்மைப் பார்த்தபடி இருக்கட்டும். ரிமோட்டைக் கவனிக்கும் கண் தொலைக்காட்சியின் அடிப்பக்கத்தில் இருந்தால் அதை மறைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுண்ட் பார் வந்துவிட்டது என்பதற்காகக் காதை மறந்துவிடவும் கூடாது. நான் வற்புறுத்திய பிறகு அண்ணன் பெரியப்பாவை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காது சோதனை செய்துவந்தார். மேல் ஒலிகள் இரண்டு காதிலும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன என்று சொன்னார்களாம். ஆக, காது மந்தமானதும் உண்மை, பெட்டி குழறியதும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் அவரை வெளியே அனுப்பின. உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் சவுண்ட் பாரைத் தேடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாள் தள்ளினால் மீட்பது கடினம்.

சவுண்ட் பார் ரிமோட்டில் பெரியப்பாவுக்கு வேண்டியது எரிய வைக்கும் பொத்தான் ஒன்றுதான். ஒலி வராமல் இருந்தால் அது தானாகத் தூங்கிவிடும், எழுப்ப வேண்டும். அந்த ஒரு பொத்தானை விட்டுவிட்டு மற்றவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் அண்ணி போன் செய்தார். ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பழைய படம் போட்டால் மாமா கூடவே வசனம் பேசுகிறார், எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, இதற்கு என்ன வயர் மாட்டுவது தம்பி என்று கேட்டார்.